எல்லையூரில் ஒரு சொற்பட்டறை

(ஓசூரில் அண்மையில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த எல்லையூரில் தமிழுக்கென ஒரு படிப்பரங்கம் வேண்டும் என்பது நம் நெடுநாளைய அவா. பாவலன் தன் பாட்டைத் தானே வந்து படிப்பதற்கு ஓர் இடம். கூத்தன் காலில் சலங்கை கட்டி ஆடுவதற்கு ஒரு களம். எழுத விழைவோன் எழுதிப் பழகுவதற்கு ஒரு பட்டறை. இம் மூன்றும் ஒரு கூரையின்கீழ் அமைந்த ஒரு வீடு. அதனை எவ்வாறு எழுப்புவது என்று சொல்லவே என்னை அழைத்தீர்கள். ஆனால், கல்லையும் மரத்தையும் பற்றிப் பேசுமுன், நான் செய்த ஒரு பிழையைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன். அதனை மறைத்துவிட்டுப் பேசுவேனாயின், என் பேச்சு வெறும் மேடைப் பேச்சாகவே முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வூரில் ஒரு திருமண மன்றத்தின் மாடியறையில் நாற்பது பேர் கூடியிருந்தோம். அவரவர் எழுதியதை அவரவரே படிக்கும் கூட்டம் அது. இளைஞர் ஒருவர் எழுந்தார். தொழிற்பேட்டையில் கடைசற் பொறியில் வேலை செய்பவர். மடித்து மடித்துக் கசங்கிப்போன தாள்கள் நான்கு அவர் கையில் இருந்தன. இரவு வேலையின்போது, தம் அருகில் நின்ற நண்பர் ஒருவரின் கை பொறியில் அகப்பட்ட கதையைப் படிக்கத் தொடங்கினார். அவை மூச்சடக்கிக் கேட்டது. 'நைட் சிப்ட்டு' என்று ஒரு சொல் வந்தது. நான் இடைமறித்து, "இரவு முறைப்பணி என்று சொல்லுங்கள், தம்பி" என்றேன். திருத்திக்கொண்டு படித்தார். 'சூப்பர்வைசர்' என்றார். "மேற்பார்வையாளர்" என்றேன். அவர் முகம் சிவந்தது, ஆயினும் தொடர்ந்தார். 'ஆசுபத்திரி' என்றார். "மருத்துவமனை!" என்று என் குரல் முந்திக்கொண்டது. அவர் தாளை மடித்தார். "அவ்வளவுதாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அடுத்த திங்கள் அவர் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை.

அவர் கூறிய மூன்று சொற்களுக்கும் நேரான தமிழ் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால், அந்த நண்பரின் கை என்னவாயிற்று என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தோழர்களே! அன்று தமிழ் வென்றதா, தோற்றதா? மூன்று அயற்சொற்களை விரட்டினேன். அவற்றோடு ஒரு தமிழனையும் விரட்டிவிட்டேன். அவன் நெஞ்சில் இருந்த ஒரு கதையையும் தமிழுக்கு இல்லாமற் செய்துவிட்டேன். தமிழ்ப்பற்றின் பெயரால் தமிழுக்கு நேர்ந்த இழப்பு அது. நாம் எழுப்பப் போகும் வீட்டில் அத்தகைய இழப்பு இன்னொரு முறை நேரக்கூடாது. இன்று நான் சொல்ல வந்த செய்தியின் சாறு இவ்வளவே.

இது புதிய கருத்தும் அன்று. படைத்தவன் தன் படைப்பை அவையில் சொல்லிக் காட்டுவதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று அதன் பாயிரம் கூறுகின்றது. அதங்கோட்டாசான் குற்றங்களை எடுத்துக் கூற, தொல்காப்பியர் ஒவ்வொன்றற்கும் விடை கூறினார் என்று நச்சினார்க்கினியர் எழுதுகின்றார். கருத்தூன்றிக் காணுங்கள்: குற்றங் கூறுவோர்க்கு அவ்வவையில் இடம் இருந்தது, விடை கூறுவோர்க்கும் இடம் இருந்தது. நானோ குற்றங் கூறினேன். விடைக்கு இடம் வைக்கவில்லை. அஃது அரங்கேற்றம் ஆகாது, அரங்கிறக்கமே ஆகும்.

நாம் நிற்கும் இந்த மண்ணை எண்ணிப் பாருங்கள். கிருட்டினகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டில் தருமபுரியினின்று பிரிந்தது. அத் தருமபுரியே பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும் வாழ்ந்த நிலம். அரசனின் அவைக்களத்தில் பாணரும் கூத்தரும் விறலியரும் வந்து பாடி ஆடிச் சென்ற நிலம். அதுமட்டுமன்று; நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலமும் இதுவே. ஆநிரையை மீட்கப் போய் மாண்ட எளிய மறவனுக்கும் கல் நட்டு, அவன் பெயரையும் அவன் செய்த செயலையும் ஊரறியத் தமிழில் பொறித்தார்கள். காவியத்திற்கு உரியவர் அரசர் மட்டுமே என்று அவர்கள் கருதவில்லை. ஆநிரை மீட்டவனுக்குக் கல்லில் எழுத்து இருந்தது. பொறியில் கை கொடுத்தவனுக்குத் தாளிலேனும் எழுத்து வேண்டாவா? அந்தத் தாளைத்தானே நான் மடிக்கச் செய்தேன்!

அடுத்து, இவ் வீடு யாருடைய பணத்தில் நிற்பது என்பதைப் பார்ப்போம்.

ஓசூர் இன்று பேரூர். 1970களில் அரசு அமைத்த 'சிப்காட்' தொழிற்பேட்டையும், 1980ஆம் ஆண்டை ஒட்டி வந்த சரக்குந்து, இருசக்கர வண்டித் தொழிலகங்களும், பின்னர் வந்த கைக்கடிகாரத் தொழிலகமும், அவற்றைச் சூழ்ந்து முளைத்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் இவ்வூரின் உருவை மாற்றிவிட்டன. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் இளைஞர் இங்கு வந்து குடியேறினர். ஆகவே, படிப்பரங்கம் என்றதும் நம்மில் சிலர், "ஏதேனும் ஒரு பெருந்தொழிலகத்தைக் கேட்போம், நாளைக்கே கூரை போட்டுத் தருவார்கள்" என்கின்றனர். தரலாம். ஆனால், பொறியில் அகப்பட்ட கையின் கதையை அந்தக் கூரையின்கீழ் நின்று ஒருவர் அச்சமின்றிப் படிக்க முடியுமா? கட்சி கட்டித் தந்த கூரையின்கீழ்க் கட்சியின் குறையைப் பாட முடியுமா? யாருடைய கூரையோ, அவருடைய காதுக்கு இனியதே அங்குப் பாட்டாகும். ஆகலின், இவ் வீட்டின் முதற் கல் தற்சார்பு.

"ஏழைத் தொழிலாளர் காசில் ஓர் அரங்கம் நிற்குமா?" என்று கேட்பீர்கள். நிற்கும். சான்று தேடித் தொலைவுக்குப் போக வேண்டா. இம் மாவட்டத்தின் சிற்றூர்களுக்குப் போய்ப் பாருங்கள். துரோபதை அம்மன் கோயில் விழா என்றால் பதினெட்டு நாள் பாரதம். பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை ஒருவர் படித்துப் பொருள் விரிக்கிறார். இரவில் வில்வளைப்பும் துகிலுரிதலும் அருச்சுனன் தவமும் தெருக்கூத்தாக நடக்கின்றன. இறுதி நாளில் மண்ணால் செய்த மாபெருந் துரியோதனன் உருவம் கிடக்கப் படுகளம். பகலெல்லாம் படிப்பு, இரவெல்லாம் நடிப்பு! இதற்குப் பொருள் தருவோர் யார்? வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் தலைக்கட்டு வரியே இதனைத் தாங்கி நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், "இன்றைக்குக் கதை எதுவரை வந்தது?" என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். கதையை நீங்கள் ஏற்கலாம், ஏற்காதிருக்கலாம்; ஆனால், ஒரு பெரிய தமிழ் நூலைப் பதினெட்டு நாள் ஊரே அமர்ந்து செவியால் படிக்கும் அம் முறையைக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

இன்னொரு சான்று எல்லைக்கு அப்பால் இருக்கிறது. கருநாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்துச் சாகரத்தை அடுத்து எக்கோடு என்றொரு சிற்றூர். பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்தது. அவ்வூரார் 1949ஆம் ஆண்டில் ஒரு நாடக மன்றம் தொடங்கினர். 'நீனாசம்' என்பது அதன் சுருக்கப் பெயர். கே.வி. சுப்பண்ணா என்னும் தோட்டக்காரக் குடும்பத்து எழுத்தாளர் அதனைத் தம் வாழ்நாளெல்லாம் வளர்த்தார். 1980இல் அங்கு நாடகப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1985இல் ஊர் ஊராய்ச் சென்று நாடகம் நடத்தும் 'திருகாட்டக்' குழு புறப்பட்டது. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிட்டிற்று. ஆண்டுதோறும் பலர் அங்கு வந்து தங்கி, நூல்களைப் படித்தும் நாடகங்களைக் கண்டும் சொற்போரிட்டும் செல்கின்றனர். தலைநகரத்தில் இல்லை, மாநகரத்தில் இல்லை, ஒரு சிற்றூரில்! கன்னடர் மீது நமக்கு ஆற்றுநீர் வழக்கு உண்டு. எல்லை வழக்கும் இருந்தது. ஆனால், தம் தாய்மொழிக்குத் தம் ஊரில் ஒரு களம் அமைத்தவரைக் கண்டு பொறாமை கொள்வது சிறுமை. கண்டும் கற்காமல் இருப்பது அதனினும் சிறுமை.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். 1911இல் தஞ்சைக் கரந்தையில் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. 1977இல் ந. முத்துசாமி சென்னையில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கித் தெருக்கூத்தின் ஆற்றலை நகரத்து நடிகர்க்குப் பயிற்றினார். அதற்குக் 'கூத்துப்பட்டறை' என்று பெயர் வைத்தார். பட்டறை! எவ்வளவு பொருத்தமான சொல்! கொல்லன் உலையும், கடைசற்காரனின் பொறியும், எழுதுவோனின் தாளும் ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன. பட்டறைகளால் வளர்ந்த ஓசூருக்கு இச் சொல்லைக் கற்பிக்க வேண்டுவதில்லை. காய்ச்சாத இரும்பைக் கொல்லன் அடிப்பானா? முதலில் உலையில் இட்டுப் பழுக்கவிடுகிறான், பின்னரே சம்மட்டி. நானோ குளிர்ந்த இரும்பின் மேல் சம்மட்டியை இறக்கினேன்.

"அப்படியாயின் தூய்மையைக் கைவிடச் சொல்கிறீரா?" என்று இங்குள்ள பெரியோர் சிலரின் கண்கள் என்னைக் கேட்கின்றன. இல்லை, ஐயன்மீர்! ஒருகாலும் இல்லை. தூய தமிழ் வேண்டும். ஆனால், தூய தமிழ் பிறக்க முதலில் தமிழ் பிறக்க வேண்டும். தமிழ் பிறக்க முதலில் தமிழன் வாய்திறக்க வேண்டும்.

மறைமலையடிகளை எண்ணிப் பாருங்கள். 1876இல் பிறந்தவர். தனித்தமிழ் முயற்சியை அவர் தொடங்கியது 1916இல். அப்பொழுது அவருக்கு அகவை நாற்பது. அதுவரை அவர் வேதாசலம். 1902ஆம் ஆண்டிலிருந்து அவர் நடத்திய தாளிகையின் பெயர் 'ஞானசாகரம்'. அந்நாளைய அவர் நடையில் வடசொல் கலந்தே இருந்தது. பின்னர் அவர் மகளார் நீலாம்பிகையாரோடு நிகழ்ந்த ஓர் உரையாடலே அவர் உள்ளத்தைத் திருப்பிற்று என்பர். வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. இப்பொழுது சொல்லுங்கள்: வேதாசலம் இளைஞராய் மேடையேறிய அந்நாளில், என்னைப்போல் ஒருவன் முன்வரிசையில் அமர்ந்து, மூன்று சொல்லுக்கு மூன்று முறை அவரை இடைமறித்து உட்கார வைத்திருந்தால், தமிழுக்கு மறைமலையடிகள் கிடைத்திருப்பாரா? மாற்றம் அவர்க்குள்ளிருந்து வந்தது. வீட்டில், அன்புள்ள வாயிலிருந்து பிறந்த ஒரு சொல்லால் வந்தது. நம் பட்டறையும் அத்தகைய வீடாக அமைதல் வேண்டும்.

ஆகவே, பட்டறைக்கு நான் முன்வைக்கும் நடைமுறை இது. பன்னிருவர் வட்டமாக அமர்க. எழுதியவர் தம் எழுத்தை முற்றப் படிப்பார். அவர் முடிக்குமட்டும் எவரும் வாய்திறவார். முடித்தபின், கேட்டவர் தாம் கேட்ட கதையை அவரிடமே திருப்பிச் சொல்வர். தம் எழுத்து பிறர் காதில் எவ்வாறு விழுந்தது என்பதை எழுதியவர் அறிய இதனினும் சிறந்த வழி இல்லை. மூன்றாவதாக வினாக்கள், எழுதியவர் விடை கூறுவார். அதன்பின்னரே சொல்லாய்வு. படைப்பில் வந்த அயற்சொற்களைக் கரும்பலகையில் எழுதுவோம். ஒவ்வொன்றற்கும் அவையே தமிழ்ச்சொல் தேடட்டும். அந்தத் தொழிலைச் செய்கின்றவர் முதலில் பேசட்டும். நூல் கற்றவர் பின்னர்ப் பேசட்டும். ஏனெனில், கடைசல், அரம், குறடு, உளி, திருகு, துளை, தேய்மானம் என்பனவெல்லாம் அகராதி தந்த சொற்கள் அல்ல. கைகள் தந்த சொற்கள். கடைந்த இரும்பின் விளிம்பில் எழும் முள்ளுக்குப் 'பிசிறு' என்று சொல்கிறானே தொழிலாளி, அந்தச் சொல்லை அவனிடமிருந்து நாம் கற்க வேண்டியவர்கள். இறுதியில் எச் சொல்லை ஏற்பது, எதனை விடுவது என்று முடிவு செய்பவர் எழுதியவரே. அடுத்த திங்கள் அதே படைப்பைத் திருத்திய வடிவில் அவர் மீண்டும் படிப்பார். ஓராண்டு இவ்வாறு நடக்கட்டும். நாம் அதட்டி விரட்ட முடியாத அயற்சொற்கள் தாமே உதிர்வதைக் காண்பீர்கள்.

படிப்பரங்கத்தின் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். "ஞாயிறு மாலை ஐந்து மணி" என்று அழைப்பிதழ் அச்சிட்டுவிட்டுத் தொழிலாளர் வரவில்லை என்று வருந்துகிறோம். மூன்று முறைப்பணி நடக்கும் ஊரில் ஞாயிறு எல்லார்க்கும் ஓய்வு நாளா? இந்தக் கிழமை காலை வேலை; அடுத்த கிழமை பிற்பகல் வேலை; அதற்கடுத்த கிழமை இரவு வேலை. ஆகவே, ஒரே படைப்பை ஒரே நாளில் இருமுறை படிப்போம்: காலை பத்து மணிக்கு ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று. பிற்பகல் வேலைக்குப் போகிறவர் காலையில் கேட்பார். காலை வேலை முடித்தவர் மாலையில் கேட்பார். இரவு வேலை பார்த்தவர் உறங்கி எழுந்து மாலையில் வருவார். ஊரின் மூச்சுக்கு ஏற்ப அரங்கம் மூச்சுவிட வேண்டும். திங்களில் ஒரு நாள் கூத்து. அதற்கு இம் மாவட்டத்துக் கூத்தரையே அழைத்து, உரிய கூலி கொடுத்து ஆடச் செய்வோம். மாலையும் துண்டும் போர்த்தி வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் நம் வாயிற்படிக்கு வெளியே நிற்கட்டும்.

பணக் கணக்கும் எளிது. இருநூறு பேர் திங்களுக்கு 50 உருபா தந்தால் 10,000 உருபா. ஓர் அறைக்குக் குடிக்கூலியும், மின்கட்டணமும், கூத்தர்க்குக் கூலியில் ஒரு பகுதியும் அதில் அடங்கும். எவரும் 50 உருபாவுக்கு மேல் தரவேண்டா என்றும் விதி செய்வோம். பத்தாயிரத்தை ஒருவரே தருவாராயின், பத்தாந் திங்களில் அவர் பெயர் வாயிலில் ஏறும்; பதினோராந் திங்களில் அவர் விருப்பம் மேடையில் ஏறும்.

இறுதியாக, நம்மைச் சூழ்ந்து வாழ்வோரைப் பற்றி. ஓசூர் வட்டத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் உளர். கன்னடம் பேசுவோர் உளர். உருது பேசுவோர் உளர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் அவர்தம் பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் கற்கின்றனர். சட்டம் எழுத்தைக் கற்பிக்கும். தேர்வு எழுத வைக்கும். ஆனால், ஒரு மொழியின்மேல் விருப்பம் செவிவழியாகத்தான் வரும். அப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டையும் கதையையும் ஊதியத்துக்கன்றி உவகைக்காகக் கேட்கும் இடம் இவ்வூரில் எது? நம் அரங்கம் அவ்விடமாகட்டும். அவர்தம் எழுத்தாளர் ஒருவரையும் ஆண்டுக்கு ஓரிரு முறை அழைத்து, அவர் மொழியில் அவர் படிக்க, அதன் தமிழாக்கத்தை நம்மவர் படிக்கட்டும். பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2009ஆம் ஆண்டு ஆகத்து 9ஆம் நாள் அது திறக்கப்பெற்றது; நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடப் பாவலர் சருவக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. சிலையைத் துணியால் மூட முடிந்தது; குறளை மூட முடிந்ததா? படிப்போர் படித்துக்கொண்டேதான் இருந்தனர். சொல்லுக்குக் காவல் கல்லன்று; அதனைச் சொல்லும் வாயும் கேட்கும் செவியுமே.

தோழர்களே! பெரிய கட்டடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டா. ஓர் அறை போதும். பன்னிரண்டு பாய் போதும். ஒரு கரும்பலகை போதும். வாயிற்படிக்கு மேல் ஒரே ஒரு விதியை எழுதி வைப்போம்: 'முதலில் கேள், பின்னர்த் திருத்து.' அதனை எழுதும் வண்ணத் தூரிகையை என் கையில் கொடுங்கள். அப் பிழையைச் செய்தவன் நானாகலின், அவ் விதியை எழுதும் கடனும் என்னுடையதே.

அந்த இளைஞர் இன்றும் இவ்வூரில்தான் இருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். முதற் கூட்டத்துக்கு நான் அவர் வீட்டுக்கே சென்று அழைக்கப் போகிறேன். வருவாரோ மாட்டாரோ, அறியேன். வந்தால், முதல் இருக்கை அவருக்கு. முதற் படிப்பும் அவருக்கு. நான்கு தாளையும் அவர் முற்றப் படிக்கட்டும். நான் கடைசி வரிசையில் அமர்ந்து, வாய்மூடிக் கேட்பேன்.